பின் குத்தாத முக்காடு

எங்கள் ஊர் பாலமுனையிலிருந்து கார்மென்ட்ஸுக்குப் போகும் பஸ் விடிந்தும் விடியாமலும் வந்து நிற்கும். சுபஹ் தொழுதுவிட்டு, உம்மா கட்டித்தந்த சோற்றுப் பார்சலோடு ஓட்டமும் நடையுமாகப் போய் ஏறுவேன். அக்கரைப்பற்றில் கொஞ்சப் பேர், இறக்காமத்தில் கொஞ்சப் பேர், வரிப்பத்தான்சேனையில் இன்னும் கொஞ்சப் பேர் என்று ஏற்றிக்கொண்டு வயல்களுக்கு நடுவே போகும். ஏறும்போது வாய் ஓயாமல் கதைப்பவர்கள் வயல் தொடங்கியதும் ஆளுக்கு ஆள் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவார்கள். நான் மட்டும் தூங்கமாட்டேன். வீட்டில் ஒரு வருடம் சும்மா இருந்தவள் நான். உயர்தரப் பரீட்சை சரிவராமல் போனபின், யாராவது பெண் கேட்டு வருவார்களா என்று எல்லோரும் வாசலைப் பார்த்திருந்த அந்த வருடத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல் வரும். அதனால் பஸ் ஜன்னல் எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

தொழிற்சாலை மண்டபத்துக்குள் எங்கள் ஊர்ப் பள்ளிவாசலையும் பாடசாலையையும் சேர்த்து வைத்தாலும் இடம் மிஞ்சும். முதல் நாள் மெஷின் இரைச்சலில் தலை கிறுகிறுத்தது. ஒரு கிழமையில் அது காதில் விழாமல் போயிற்று. ஆனால் வீட்டில் நான் கத்திக் கதைக்கத் தொடங்கியிருந்தேன். “செவிடிக்கிட்ட கதைக்கிற மாதிரி என்னத்துக்குப் புள்ள கத்துறாய்?” என்று உம்மா ஏசுவார்.

நாங்கள் தைத்தது வெளிநாட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கான களிசான். இடுப்புக்கு எலாஸ்டிக் வைத்துத் தைப்பது என் வேலை. எனக்கு முன்னால் இருப்பவள் பை வைப்பாள், பின்னால் இருப்பவள் கால் விளிம்பை மடித்து அடிப்பாள். தலைக்கு மேலே தொங்கும் பலகையில் அந்த மணித்தியாலத்தின் டார்கெட் சிவப்பில் எரியும். என் கை பிந்தினால் பின்னால் இருப்பவள் வெறுங்கையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அது வெட்கமாகவும் இருக்கும், உள்ளுக்குள் ஒரு பெருமையாகவும் இருக்கும். என் கையால் ஒன்று வர வேண்டுமென்று அதுவரை யாரும் காத்திருந்ததில்லை.

அங்கே எல்லாவற்றையும்விடக் கண்டிப்பான சட்டம் ஊசிக்குத்தான். மெஷின் ஊசி உடைந்தால் துண்டு துண்டாகப் பொறுக்கி ஒட்டிக் காட்ட வேண்டும். நுனி கிடைக்காவிட்டால் லைன் நின்றுவிடும். குழந்தை உடுப்பில் இரும்புத் துணுக்கு போனால் தொழிற்சாலையையே மூட வேண்டி வரும் என்பார்கள். கத்தரியைக்கூட மெஷினோடு நாடாவால் கட்டியிருப்பார்கள். இவ்வளவு கட்டுக்காவலுக்குள் நாங்கள் ஒவ்வொருத்தியும் தலையில் நாலைந்து பின்னோடு உட்கார்ந்திருந்தோம். முக்காடு நழுவாமல் நாடியில் ஒன்று, காதோரம் ஒன்று, தோளில் ஒன்று. ஒன்று தவறினால் உடனே குத்திக்கொள்ள நெஞ்சுப் பக்கம் இன்னொன்று. ஊசியைப் பொறுக்கத் தெரிந்த எங்களுக்கு இந்தப் பின்னும் இரும்புதான் என்று தோன்றவே இல்லை.

ஒரு வியாழக்கிழமை, பெட்டிக்குள் இரும்பு கிடக்கிறதா என்று பார்க்கும் மெஷின் கீச்சிட்டது. பெட்டியைப் பிரித்து ஒவ்வொன்றாக உதறியபோது ஒரு களிசான் பைக்குள் இருந்து முத்துத் தலை வைத்த முக்காட்டுப் பின் ஒன்று விழுந்தது.

எங்கள் லைன் முழுவதையும் எழுப்பி நிறுத்தினார்கள். சூப்பவைசர் மிஸ் கல்முனைக்காரர், மெதடிஸ்த சபையைச் சேர்ந்த தமிழ்ப் பெண். கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். “உங்கட தலையில எத்தின பின் குத்தினீங்க எண்டு ஒவ்வொராளாச் சொல்லுங்க பாப்பம்” என்றார். ஒருத்திக்கும் தெரியவில்லை. காலையில் அரைத்தூக்கத்தில் குத்துவதை யார் எண்ணிப் பார்ப்பது? அது யாருடைய பின் என்று இன்றுவரை தெரியாது, என்னுடையதாகவும் இருக்கலாம்.

மெனேஜர் சேர் சிங்களத்தில் சொன்னதை மிஸ் தமிழில் சொன்னார். திங்கட்கிழமையிலிருந்து மண்டபத்துக்குள் பின் வரக்கூடாது. எல்லோரும் தொழிற்சாலைத் தொப்பி போட வேண்டும். அவர் கத்தவில்லை, எங்களை இழிவாக எதுவும் சொல்லவுமில்லை. அதனால் அவர் மேல் கோபப்படவும் வழியில்லாமல் போயிற்று. தொப்பி முடியை மட்டும்தான் மறைக்கும். கழுத்தும் காதும் வெளியே தெரியும், மண்டபத்தில் மெக்கானிக் ஆண்கள் நடமாடுவார்கள். என்னை வேலைக்கு விட்டபோது வாப்பா சொன்ன நிபந்தனை ஒன்றே ஒன்று: முக்காடு கழலக்கூடாது.

அன்று மாலை வீட்டில் சொன்னேன். வட்டையில் வயல் வேலை முடித்து வந்த வாப்பா கால் கழுவிக்கொண்டே கேட்டார். ஏசுவார் என்று பார்த்தால் ஏசவில்லை.

“அப்ப இந்தக் கிழமையோட நிப்பாட்டிக்க மகள்.”

அவ்வளவுதான். வாப்பா ஏசினால் அழுது மல்லுக்கட்டலாம். மெதுவாகச் சொன்னால் பேச்சு முடிந்துவிட்டது என்று பொருள். வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த வருடம் எனக்குத் திரும்பவும் வரப்போகிறது.

மறுநாள் பஸ்ஸில் பார்த்தால் பாதிப் பேர் வீட்டிலும் இதே கதை. யாரும் தூங்கவில்லை. துணி வெட்டும் பகுதியில் வேலைசெய்யும், எங்களில் மூத்தவரான வரிப்பத்தான்சேனை ராத்தாதான் முதலில் வாய் திறந்தார். “பின்னில்லாம தலையில நிக்கிற மாதிரி ஒண்டத் தைச்சா என்ன? நாம தைக்கிற ஆக்கள்தானே?” அடுத்த நாள் தன்னுடைய பழைய கறுப்புத் துணி ஒன்றைக் கொண்டுவந்தார். பகல் இடைவேளையில் இரண்டு மெஷினைத் தர மிஸ் சம்மதித்தார்.

சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கியபோதுதான் சிரிப்பு வந்தது. எங்களில் ஒருத்திக்கும் முழுசாக ஒன்றைத் தைக்கத் தெரியாது. ராத்தா என் முகத்தைச் சுற்றி அளந்து வெட்டினார். வெட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார், தையல் அவருக்கு வராது. ஒருத்தி நாடிக்குக் கீழே பொருத்தினாள், ஒருத்தி விளிம்பு அடித்தாள், பின்பக்கம் எலாஸ்டிக்கை நான் வைத்தேன். கடைசியில் அந்த முக்காடும் களிசான் போலவே கைக்குக் கை மாறித்தான் உருவானது. தலைவழியே போட்டால் போதும், முகத்தோடு ஒட்டி நின்றது.

மெனேஜர் சேர் என்னைக் குனியச் சொன்னார், தலையை ஆட்டச் சொன்னார், பெட்டி தூக்கச் சொன்னார். முக்காடு அசையவில்லை. நான் ஒதுங்கிப்போய்ப் பழைய முக்காட்டுக்கு மாறி வந்து தந்ததை இரும்பு பார்க்கும் மெஷினில் விட்டுப் பார்த்தார். சத்தமே இல்லை. மிஸ்ஸிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

“இதே மாதிரி போட்டா வரலாமாம். விருப்பமான ஆக்கள் இடைவேளையில தைச்சுக்கொள்ளட்டுமாம்” என்றார் மிஸ். லைன் முழுக்கக் கூச்சல் போட்டது. எனக்குக் கூச்சல் வரவில்லை. நான் இன்னும் வாப்பாவிடம் காட்டவில்லை.

வீட்டுக்கு வந்து அதைப் போட்டுக்கொண்டு முன்னால் நின்றேன். வாப்பா கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

“குனி பாப்பம்.”

குனிந்தேன்.

“தலைய ஆட்டு.”

ஆட்டினேன். மெனேஜர் சேரும் இவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்திருக்க வேண்டும். வாப்பா தையலை விரலால் தடவிப் பார்த்தார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. “நல்லாத்தான் இரிக்கி. உம்மாக்கும் ஒண்டு தைச்சிக் குடன்” என்று மட்டும் சொன்னார்.

தங்கச்சி ஓடிப்போய்த் துணியைக் கொண்டுவந்து விட்டாள். கிழிசல் அடிக்க மட்டும் உம்மா வைத்திருந்த மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். துணியை இப்படி மடித்தேன், அப்படி மடித்தேன். எங்கே வெட்டுவது? எந்த ஓரத்தில் தொடங்குவது? எலாஸ்டிக் மட்டும் கையில் தயாராக இருந்தது.

“என்ன யோசிக்கிறாய்?” என்றார் வாப்பா.

“எனக்கு எலாஸ்டிக் வைக்க மட்டும்தான் தெரியும் வாப்பா. வெட்டுற ராத்தா வரிப்பத்தான்சேன. நாடி பொருத்துற ஆள் இறக்காமம். விளிம்படிக்கிறவள் அக்கரப்பத்து.”

வாப்பா கண்ணாடியைக் கழற்றினார். “எண்ட மகள் உடுப்புத் தைக்கிறாள், உடுப்புத் தைக்கிறாளெண்டு நான் வட்டயெல்லாம் சொல்லித் திரியிறன். நீ என்னடாண்டா…”

தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வாப்பா என்னைப் பற்றி வெளியில் கதைப்பார் என்றே எனக்கு அதுவரை தெரியாது. நான் வேலைக்குப் போவதை மூச்சுவிடாமல் மறைக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

அவர் துணியை எடுத்து மெதுவாக நாலாக மடித்து என் கையில் வைத்தார்.

“திங்கக்கிழம இதக் கொண்டு போ. அந்தப் புள்ளயளோட இருந்து தைச்சிக் கொண்டு வா. உம்மாட அளவ இப்பவே எடுத்துக்க.”