ஒட்டுப்போட்ட கார்

மகளுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்த மாதம்தான் நாங்கள் கார் தேட ஆரம்பித்தோம். அதுவரை, சுவா சூ காங்கில் வீட்டுக்குக் கீழேயே ரயில் இருக்கும்போது கார் எதற்கு என்று கேட்டவள் நான். ஆனால் வாரத்துக்கு இரண்டு நாள் அவளை இயன்முறைப் பயிற்சிக்கு நகருக்குள் கூட்டிப்போக வேண்டியிருந்தது. மழை வந்தால் டாக்சி கிடைப்பதில்லை. ஒருநாள் ரயில் நெரிசலில் யாரோ ஒருவரின் பை அவள் இடுப்பில் இடித்தது. எட்டு வயதுப் பிள்ளை, அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பழைய கார் என்றாலும் பரவாயில்லை, வாங்கிவிடலாம் என்று அன்றைக்கே கணவரிடம் சொன்னேன்.

கணவருக்கு ஒரு நண்பர் உண்டு. தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவப் பயிற்சியில், ஒரே முகாமில் இருந்தவர்கள், இருபது வருடப் பழக்கம். நான் அவரை அண்ணன் என்றும் அவர் மனைவியை அண்ணி என்றும்தான் கூப்பிடுவேன். கேலாங்கில் இருக்கிறார்கள். எங்கள் மகள் வயதில் அவர்களுக்கும் ஒரு பெண். ஏழு பேர் உட்காரும் வண்டி வாங்கப்போவதால் தன் காரை விற்க நினைத்திருந்தார் அண்ணன். சாம்பல் நிற ஜப்பானியக் கார், ஆறு வயது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வியாபாரியிடம் வாங்கியது. “வெளியில ஏன் தேடுறீங்க? குடும்பத்துக்குள்ளயே வச்சுக்கலாம் லா” என்றார்.

விலை நியாயமா என்று பார்க்க நான் ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். இந்த ஊரில் காரோடு பத்து வருட உரிமைச் சான்றிதழையும் சேர்த்தே வாங்குகிறோம், எல்லோரும் சிஓஇ என்பார்களே, அதைத்தான். அதில் எத்தனை வருடம் மிச்சம் என்பதுதான் பழைய காரின் விலையில் பெரும்பங்கு. பத்து வருடம் முடியுமுன் காரைப் பதிவிலிருந்து நீக்கினால் அரசாங்கம் ஒரு தொகையைத் திருப்பித் தரும். வியாபாரிகள் அதைக் காகித மதிப்பு என்கிறார்கள். கேட்கும் விலையிலிருந்து கடைசியில் திரும்பி வரும் தொகையைக் கழித்து, மிச்சமிருக்கும் வருடங்களால் வகுத்தால், அந்தக் கார் ஒரு வருடத்துக்கு நமக்கு என்ன செலவு வைக்கும் என்று தெரிந்துவிடும். அதே வகைக் கார் ஐந்தாறுக்கு இப்படிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அண்ணன் சொன்ன விலை எல்லாவற்றையும்விடக் கொஞ்சம் குறைவு. நட்புக்காகக் குறைத்திருக்கிறார் என்று கணவர் சந்தோஷப்பட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தேக்கா சந்தையில் அண்ணனையும் அவர் பெண்ணையும் சந்தித்தோம். காய்கறி வாங்கிவிட்டு, காரைப் பார்த்துவிட்டு, அதிலேயே அண்ணன் எங்களை வீட்டில் விடுவதாக ஏற்பாடு. கார்பார்க்கில் இடம் கிடைக்கவே அரை மணி நேரம் ஆனதாம். பிள்ளைகள் இருவரும் வடைப் பொட்டலத்தோடு பின் இருக்கையில் ஏறிக்கொண்டார்கள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

என்ஜின் சூடாக இருந்தது. பழைய காரை என்ஜின் ஆறியிருக்கும்போதுதான் முதலில் கிளப்பிப் பார்க்க வேண்டும், சூட்டில் பல கோளாறுகள் வெளியே தெரியாது. அதை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு மற்றதைப் பார்த்தேன். நான்கு டயரிலும் அவை தயாரான வாரமும் வருடமும் அச்சாகியிருக்கும், அதைப் படித்தேன். கதவுக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவா என்று விரலை ஓட்டினேன். வலது பின்கதவில் மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பட்டது. அப்புறம் டிக்கியைத் திறந்து, விரிப்பைத் தூக்கி, உபரி டயரைக் கழற்றி வெளியே வைத்தேன்.

என் வேலையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டிங் இன்ஸ்பெக்டராக இருக்கிறேன். பதினான்கு வருடமாக நாள் முழுக்க இரும்பில் போட்ட தையல்களைத்தான் பார்க்கிறேன். தொழிற்சாலையில் கார் தகடுகளை இணைக்கும்போது, சம இடைவெளியில் சின்னச் சின்ன வட்டக் குழிகளாகத்தான் வெல்டு விழும். இங்கே, டயர் இருந்த பள்ளத்தைச் சுற்றிவந்து, தரையின் குறுக்கே வெல்டு ஒரே நீளக் கோடாக ஓடியது. கிரைண்டரால் தேய்த்து, மேலே பிரஷ்ஷால் பசையைத் தடவி, அதன்மேல் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பசையில் பிரஷ் மயிரின் தடம்கூட இருந்தது. அந்தக் கோடு பின் இருக்கையை நோக்கிப் போய், கம்பளத்துக்கு அடியில் மறைந்தது.

கம்பளத்துக்கு மேலே இரண்டு பிள்ளைகளும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். கார் லேசாக ஆடியது.

மழை விழ ஆரம்பித்தது. “வாங்க, ஏறுங்க, நனையாதீங்க” என்றார் அண்ணன். உறுதியாகத் தெரியாமல் எதையும் சொல்லிவிடக் கூடாது என்று நினைத்தேன். அதே சமயம் மகளை அந்த இருக்கையில் உட்காரவைத்து விரைவுச்சாலையில் போகவும் மனம் ஒப்பவில்லை. கடையில் ஒன்று மறந்துவிட்டது, நாங்கள் ரயிலில் வருகிறோம் என்று பொய் சொன்னேன். மகளை இறக்கித் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். கணவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அண்ணனுடைய பெண் இன்னும் அந்த இருக்கையில்தான் போகிறாள் என்ற நினைப்பு எனக்கு வீடு வந்த பிறகுதான் வந்தது. உடனே போனில் அண்ணனைக் கூப்பிட்டேன். டிக்கியில் வெல்டு பார்த்தேன், நல்ல இடத்தில் காட்டிச் சோதிக்கும்வரை பிள்ளையைப் பின்னால் உட்காரவைக்காதீர்கள் என்று சொன்னேன்.

நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். அப்புறம், “விலையைக் குறைக்கணும்னா நேரா கேளு மா. எதுக்கு இப்படி?” என்றார்.

போன வருடம்தானே கட்டாயச் சோதனையில் தேறியது என்று வாதாடினார். அது பிரேக், விளக்கு, புகை இவற்றைப் பார்க்கிற சோதனை. கார் முன்பு அடிபட்டதா என்று அறிய, வாங்குபவர் தனியாகக் காசு கட்டி மதிப்பீட்டுச் சோதனை செய்ய வேண்டும். செலவு என்னுடையது என்றேன். கணவர் பக்கத்திலிருந்து கெஞ்சிய பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை அண்ணனும் நானும் சோதனை நிலையத்தில் காரைத் தூக்கிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். அங்கே வேலை செய்த சீன இளைஞர் பெயிண்டின் தடிமனை ஒரு சிறிய கருவியால் அளந்துகொண்டே வந்தார். வலது பின்பக்கம் வந்ததும் எண் மூன்று மடங்கானது. பின் இருக்கையைக் கழற்றி, கம்பளத்தை உரித்தார். பிறகு எங்களை அடியில் வரச்சொல்லி டார்ச் அடித்துக் காட்டினார். பின்னால் பலமாக அடிபட்ட கார் அது. பின்தரையை வெட்டி எடுத்துவிட்டு, வேறொரு காரின் தரையைப் பொருத்தியிருந்தார்கள். அடியில் சட்டம்போல் ஓடும் உத்தரத்தில், ஒட்டிய இடம் பாதிதான் பிடித்திருந்தது. மீதிப் பாதியில் என் நகம் நுழைந்தது. பின்னாலிருந்து யாராவது இடித்தால் இந்த இடம் தாங்காது என்று அந்த இளைஞர் அண்ணனிடம் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார்.

அண்ணன் அறிக்கையை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அவருக்கும் அன்றுதான் தெரியும் என்பது முகத்தைப் பார்த்தாலே விளங்கியது. எனக்குப் பாவமாக இருந்தது. பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு வாரம் கழித்து, காலைப் பசியாறும்போது கணவர் தன் போனை என் பக்கம் நகர்த்தினார். இணையத்தில் கார் விற்பனை விளம்பரம். அதே சாம்பல் நிறக் கார், தேக்காவில் நான் பார்த்த அதே எண். நல்ல பராமரிப்பு, விபத்து இல்லை, குடும்பத்தார் ஓட்டியது என்று எழுதியிருந்தது.

என்னால் சாப்பிட முடியவில்லை. கணவரும் கலங்கிப்போயிருந்தார், ஆனாலும் நண்பனை விட்டுக்கொடுக்க மனமில்லை. “நாம வாங்கல. அதோட விடு. அவன் கார், அவன் தலைவலி.”

“பட்டறையில நான் ஒரு வெல்டை ரிஜெக்ட் பண்ணா, வெட்டி எடுத்துட்டுத்தான் மறுபடி போடுவாங்க. பெயிண்ட் அடிச்சு வேற கப்பலுக்கு அனுப்ப மாட்டாங்க” என்றேன்.

மூன்று நாள் இதே பேச்சுதான் வீட்டில். வாங்க வருபவர் யாரென்று கண்டுபிடித்து நானே செய்தி அனுப்பலாமா என்றுகூட நினைத்தேன். அது முதுகில் குத்துவது போலாகிவிடும் என்று தோன்றியது. கடைசியில் கணவரே அண்ணனைக் கூப்பிட்டார். சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஒரு ஜோடி பார்க்க வருகிறது, அநேகமாக வியாபாரம் முடிந்துவிடும் என்றாராம் அண்ணன். மகளை என் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, சனிக்கிழமை பத்தேகாலுக்கு நாங்கள் கேலாங்கில் இருந்தோம்.

அண்ணி கதவைத் திறந்து, என்ன திடீரென்று என்று சிரித்துக்கொண்டே தேநீர் போடப் போனார். அண்ணன் சிரிக்கவில்லை. நான் உட்காரவும் இல்லை.

“அண்ணே, விபத்து இல்லைன்னு போட்டிருக்கீங்க.”

“நான் ஓட்டின வரைக்கும் விபத்து இல்லதானே?”

“ரிப்போர்ட் உங்ககிட்ட இருக்கு.”

“நானும் ஏமாந்துதான் வாங்கினேன். என் நஷ்டத்தை யார் குடுப்பா, நீ குடுப்பியா?” அவர் குரல் உயர்ந்தது. கணவர் அவர் தோளில் கை வைத்தார், அதைத் தட்டிவிட்டார். பதிவை நீக்கிவிட்டால் காகித மதிப்பாவது முழுதாகத் திரும்பிவரும், அடிபட்ட கார் என்பதற்காக அதில் குறைக்கமாட்டார்கள், நஷ்டம் மீதித் தொகைதான் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கேட்கிற நிலையில் இல்லை.

தேநீர்த் தட்டோடு அண்ணி வந்து நின்றிருந்ததை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. “எந்த ரிப்போர்ட்?” என்றார்.

அண்ணன் அவரிடம் சொல்லவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அண்ணன் ஜன்னலைப் பார்த்தார். அண்ணி என்னைப் பார்த்தார். காரின் பின்தரை ஒட்டுப்போட்டது, அந்த ஒட்டும் சரியாகப் பிடிக்கவில்லை என்று சொன்னேன். எப்போது தெரியும் என்று கேட்டார். பதினெட்டு நாள் ஆயிற்று என்றேன்.

அண்ணி தட்டை மேசைமேல் வைத்தார். கோப்பைகள் கடகடத்தன. “நேத்துகூட நான்தானே பிள்ளைய பின்னாடி உட்கார வச்சு ஸ்கூலுக்குக் கொண்டுபோனேன்” என்றார் அண்ணனிடம். கத்தவில்லை. “என்கிட்டகூடச் சொல்லலையே.”

சீக்கிரம் விற்றுவிட்டால் சொல்லவேண்டிய தேவையே வராது என்று நினைத்ததாக அண்ணன் முணுமுணுத்தார். அந்த நேரம் அவர் போன் அடித்தது. வாங்க வந்தவர்கள் கீழே நின்றார்கள், கால் மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்கள். அண்ணன் போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அண்ணி சுவரில் மாட்டியிருந்த கார் சாவியை எடுத்துக்கொண்டு செருப்பைப் போட்டார். அவர் பின்னாலேயே அண்ணனும் போனார்.

நாங்கள் நான்காவது மாடித் தாழ்வாரத்தில் நின்று பார்த்தோம். என் கணவர் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தார். கீழே கார்பார்க்கில் சின்ன வயது ஜோடி ஒன்று. பையன் ஏற்கனவே குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனோடு வந்த பெண் காரின் கூரையைக் கையால் தடவினாள், பிடித்துப்போய்விட்டது போல. அண்ணன் அவர்களிடம் ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். அண்ணி அவரைத் தாண்டிப் போய் டிக்கியைத் திறந்தார். விரிப்பை இழுத்துத் தரையில் போட்டார். உள்ளே கைநீட்டிக் காட்டினார். அந்தப் பெண் ஓரடி பின்னால் நகர்ந்தாள். பிறகு அண்ணன் பர்ஸிலிருந்து நான்காக மடித்த அந்த அறிக்கையை எடுத்துப் பிரித்துப் பையனிடம் கொடுத்தார். பையன் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான், கைகுலுக்கினான். இருவரும் பேருந்து நிறுத்தத்தின் பக்கம் நடந்தார்கள். அண்ணனும் அண்ணியும் திறந்த டிக்கியின் பக்கத்தில் வெகுநேரம் நின்றார்கள். நாங்கள் தேநீரைக் குடிக்காமலே இறங்கி வந்துவிட்டோம்.

அடுத்த வாரம், பதிவை நீக்கி உடைப்பதற்காகக் காரை இழுத்துப்போக வண்டி வந்ததை அண்ணி படம் எடுத்து எனக்கு அனுப்பினார். நஷ்டம் இருந்தது, ஆனால் அண்ணன் பயந்த அளவு இல்லை. அவரை ஏமாற்றிய வியாபாரி கடையை மூடிவிட்டுப் போயிருந்தான்.

நாங்கள் ஒரு பள்ளி ஆசிரியையிடம் சின்னக் கார் ஒன்று வாங்கினோம். பார்ப்பதற்குச் சுமார்தான், முன் பம்பரில் கீறல். ஆனால் எண்ணெய் மாற்றிய ரசீது முதல் பேட்டரி ரசீது வரை ஒரு கோப்பில் வரிசையாக வைத்திருந்தார். சோதனைக்கு எடுத்துப்போகலாமா என்று கேட்டதும், சாவியை நீட்டி, சாயங்காலம் கொண்டுவந்தால் போதும் என்றார். வாங்கிய வாரமே என்ஜின் எண்ணெய், கியர் எண்ணெய், பிரேக் எண்ணெய், குளிர்விக்கும் நீர் எல்லாவற்றையும் மாற்றினோம். பழைய கார் வாங்குபவர்கள் இதற்கென்று கொஞ்சம் காசை முதலிலேயே ஒதுக்கிவைத்துவிட வேண்டும், முன்பு ஓட்டியவர் எப்போது மாற்றினார் என்பதை நம்பி உட்காரக் கூடாது. இந்த வெயிலில் பேட்டரி இரண்டு வருடம் ஓடினாலே பெரிது. காலையில் கிளப்பும்போது இழுக்கிறது என்றால் உடனே மாற்றிவிடுகிறோம். நடுவழியில் மகளோடு நிற்க முடியாது.

அண்ணன் ஐந்து மாதம் எங்கள் பக்கம் வரவில்லை. அண்ணி மட்டும் என்னோடு பேசிக்கொண்டிருந்தார். ஒருநாள் அண்ணன் என் கணவரைக் கூப்பிட்டு, ஊபியில் ஒரு கடையில் ஏழு பேர் வண்டி ஒன்று விலைக்கு இருக்கிறது, கூட வருவாயா என்று கேட்டிருக்கிறார். இருவரும் போனார்கள். வண்டி நன்றாக இருந்ததாம், விலையும் படிந்துவிட்டதாம். வெளியே எடுத்துப்போய்ச் சோதிக்க வேண்டும் என்று அண்ணன் சொன்னபோது, அதற்கெல்லாம் நேரமில்லை, வேறு ஆள் காத்திருக்கிறார் என்று விற்பனையாளர் சொல்லியிருக்கிறார். அண்ணன் மறுபேச்சு பேசாமல் எழுந்துவிட்டாராம். இருவரும் பேருந்தில் திரும்பிவந்து, வழியில் இறங்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். பழைய முகாம் கதைகள்தான் என்றார் கணவர். என்னிடம் அண்ணன் இன்னும் நேராகப் பேசுவதில்லை.