மாரிச்செல்வத்தின் வால்வு

பனியன் கம்பெனிகள் நிறைந்த மண்ணரையில் ஜெனரேட்டரின் டீசல் பம்பைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள். அதில் வாய்க்கொழுப்புக்குப் பரிசு கொடுப்பதென்றால் சாத்தூர்க்காரன் மாரிச்செல்வத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். வேறொருவன் கை வைத்த பம்பு என்று தெரிந்தால் போதும், "எந்த மாடு மேய்க்கிற பய இதத் தொட்டான்?" என்று ஆரம்பித்துவிடுவான். சும்மா சொல்லக் கூடாது, வேலை சுத்தம். அந்தத் திமிரில்தான் அவன் டெலிவரி வால்வில் கை வைத்தான்.

டெலிவரி வால்வு என்பது பம்பின் தலையில் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன இரும்புத் துண்டு. பம்பு டீசலைத் தள்ளும்போது திறக்கும், தள்ளி முடித்ததும் மூடிக்கொள்ளும். மூடும்போது அதன் இடுப்பிலிருக்கிற பட்டை, இன்ஜினுக்குப் போகிற குழாயிலிருந்து ஒரு சொட்டு டீசலைத் திரும்பப் பம்புக்குள் இழுத்துக்கொள்ளும். அந்த ஒரு சொட்டு திரும்பினால்தான் குழாய்க்குள் அழுத்தம் தணியும். கம்பெனிக்காரன் யோசித்து யோசித்து வைத்த அளவு அது.

மாரிச்செல்வம் அந்தப் பட்டையைத் தேய்த்து மெலிதாக்கினான். குழாயில் அழுத்தம் தணியாமல் அப்படியே நின்றால், அயர்ன் டேபிளும் தையல் மிஷின்களும் ஒன்றாக ஓடத் தொடங்கும்போது இன்ஜின் தொய்யாது என்பது அவன் கணக்கு. அப்படியே ஆயிற்று. பனியன் கம்பெனி முதலாளிகள் அசந்துபோனார்கள். "மாரி வால்வு" என்று பேரே வந்துவிட்டது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வால்வை வைத்து உருட்டினாலே எங்கே இன்னும் தேய்க்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். அந்த இரண்டு விரல்கள்தான் அவன் சொத்து. ஆனால் அந்த வால்வு போட்ட இன்ஜின்களில் குழாய்கள் அடிக்கடி விரிசல் விட்டன. மாரிச்செல்வம் குழாய் செய்தவனைத் திட்டினான்.

அவன் பெண்டாட்டி சின்னத்தாய், பெருமாநல்லூரில் மகுடேஸ்வரன் என்பவரின் கம்பெனியில் டெய்லர். ஆடி மாதத்தில் ஒருநாள் மிஷின் ஊசி அவள் நகத்தைத் துளைத்து உள்ளே ஒடிந்துவிட்டது. விரலில் துணி சுற்றி வீட்டுக்கு வந்து அழுதவளைப் பார்த்து, "ஊசி குத்துனதுக்கா இந்த ஒப்பாரி? நாளைக்கு ஒழுங்கா லைன்ல போய் உக்காருடி" என்றான். அவள் போய் உட்கார்ந்தாள். விரல் பழுத்து, ஒடிந்த துண்டு தானாக வெளியே வந்தது. அன்றைக்கு அவன் சொன்னதை அவள் மறக்கவே இல்லை. எப்படி மறப்பாள்?

ஐப்பசியில் ஒரு மத்தியானம் மகுடேஸ்வரன் போன் பண்ணினார். கரண்ட் போய் ஜெனரேட்டரில்தான் கம்பெனி ஓடிக்கொண்டிருந்தது. மாரிச்செல்வம் போய்ப் பார்த்தபோது ஜெனரேட்டர் ரூம் முழுக்க டீசல் வாடை.

"நிறுத்தச் சொல்லட்டுமா மொதலாளி?"

"ஏனுங்க மாரி, நிறுத்தாமப் பாக்க முடியாதுங்களா? உள்ள லைன் பூரா ஓடிட்டு இருக்குதுங்க."

ஓடுகிற குழாயில் கசிவு தேடுவதற்கு அட்டைத் துண்டைத்தான் பிடிக்க வேண்டும்; ஊசிபோலப் பீச்சுகிற டீசல் விரலையே துளைத்துவிடும். அது அவனுக்கும் தெரியும். அட்டைப் பெட்டிகள் கதவோரம் அடுக்கிக் கிடந்தன. எட்டி எடுக்கச் சோம்பல், முதலாளி பார்க்கிறாரே என்ற மிதப்பு வேறு. ஆள்காட்டி விரலைக் குழாயின் மேல் ஓட்டிக்கொண்டே போனான். நட்டுக்குப் பக்கத்தில் சுருக்கென்றது. கையை உதறிப் பார்த்தான். ரத்தம் இல்லை, விரல் நுனியில் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும். இன்ஜினை நிறுத்தி, விரிசல் விட்ட குழாயைக் கழற்றிப் புதுக் குழாய் மாட்டினான்.

மாட்டி முடிப்பதற்குள் விரல் மரத்துப்போனது. பிறகு உள்ளே யாரோ திருகுகிற மாதிரி வலித்தது. சாப்பாட்டு ஷெட்டில் உட்கார்ந்திருந்த சின்னத்தாயிடம் போய் விரலை நீட்டினான்.

"ஏட்டி, இதப் பாரேன். குழாயில இருந்து டீசல் குத்திருச்சு. ஆஸ்பத்திரிக்குப் போவமா?"

சின்னத்தாய் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புள்ளியைத் தவிர ஒன்றும் இல்லை. சுற்றிலும் அவள் லைன் பெண்கள் வேறு. அவளுக்குள் ஆடி மாதத்திலிருந்து கிடந்தது வாய்க்கு வந்துவிட்டது.

"ஊசி குத்துனதுக்கா இந்த ஒப்பாரி? ஒழுங்காப் போயி வேலையப் பாருங்க!"

ஷெட்டே சிரித்தது, சின்னத்தாயும் சேர்ந்துதான். "நல்லாக் கேளு சின்னத்தாயி!" என்று ஒருத்தி எடுத்துக் கொடுத்தாள். மாரிச்செல்வமும் பல்லைக் காட்டினான். அதற்குப் பிறகு வலிக்கிறது என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வான்? கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு வெளியே போனான். சாயங்காலம் விரல் வீங்கியது. அவன் முகத்தைப் பார்த்து அவள் பயந்துபோய்க் கேட்டபோது, "ஒண்ணுமில்ல, உன் சோலியப் பாரு" என்றான். விடிந்தபோது விரல் கறுத்து, வீக்கம் மணிக்கட்டுக்கு ஏறியிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் விரலைக் கீறினார். உள்ளேயிருந்து டீசல் வாடை வந்தது.

"எப்ப ஆச்சு?"

"நேத்து மத்தியானம்" என்றாள் சின்னத்தாய்.

"நேத்தே வரலையாம்மா? வெளிய புள்ளிதான் தெரியும், உள்ள எல்லாத்தையும் அரிச்சுட்டுப் போயிரும். உடனே வந்திருந்தா கையக் காப்பாத்திருக்கலாம்."

முதலில் விரலை எடுத்தார்கள். பிறகு உள்ளங்கையில் பாதி. அதுவும் ஆறாமல், கடைசியில் மணிக்கட்டோடு எடுத்தார்கள். சின்னத்தாய் கேட்டவர்களிடமெல்லாம், கேட்காதவர்களிடமும், "நாந்தான் சிரிச்சேன், நாந்தான் அனுப்பி வச்சேன்" என்று புலம்பினாள். தாங்க முடியாத கொடுமை அது.

ஒரு மத்தியானம் மகுடேஸ்வரன் சாத்துக்குடிப் பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கழற்றிப் போட்ட பழைய குழாயும் கையில் இருந்தது. சின்னத்தாய் தட்டில் சோறு பிசைந்துகொண்டிருந்தாள்.

"புதுசா மாட்டுன குழாயும் விரிசல் விட்டுப் போச்சுங்க மாரி. தரணி மெக்கானிக் வந்து பாத்துட்டு, உங்க வால்வுதான் குழாயப் பொளக்குதுங்கறான். அப்படீங்களா? நம்ம மத்த ரெண்டு கம்பெனிலயும் அதே வால்வுதானுங்க ஓடுது."

மாரிச்செல்வம் இடது கையால் குழாயை வாங்கினான். அதன் கழுத்தில் முடியிழைபோல ஒரு விரிசல். யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த ஒரு சொட்டு திரும்ப வழியில்லாமல், பம்பு தள்ளுகிற ஒவ்வொரு தடவையும் குழாய் அடி வாங்கியிருக்கிறது. குழாய் செய்தவன்மேல் தப்பில்லை. சிரித்தவள்மேலும் அவ்வளவு தப்பில்லை. எல்லாம் அவன் தேய்த்த பட்டையிலிருந்து வந்தது. அதைச் சொன்னால் சின்னத்தாய்க்குப் பாதி பாரமாவது இறங்கும். இரண்டு கம்பெனிகளிலும் வால்வை மாற்றிவிடுவார்கள். ஆனால் மாரி வால்வு என்கிற பேர் போய்விடும். கை போன பிறகு அவனிடம் அந்தப் பேர் ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

அவன் குழாயைக் கட்டிலில் வைத்தான்.

"தரணி கெடக்கான், மாடு மேய்க்கிற பய. என் வால்வுல குத்தம் இல்ல மொதலாளி, ஓடட்டும். இவ மட்டும் அன்னிக்குச் சிரிக்காம இருந்திருந்தா எங் கை இருந்திருக்கும்."

மகுடேஸ்வரன் சின்னத்தாயைப் பார்த்தார்.

"ஆமாங்க மொதலாளி" என்றாள் அவள். பிசைந்த சோற்றை உருட்டி அவன் வாயருகே கொண்டுபோனாள். மாரிச்செல்வம் வாங்கித் தின்றான்.