ஆறு கால் மிருகமும் அதன் பின்னங்காலும்

எலும்புக்காரர் என்றால் அந்த ஊர்த் தொலைக்காட்சிக்காரர்களில் தெரியாதவர் கிடையாது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவர். கம்ப்யூட்டரைத் தானாகவே தட்டித் தட்டிப் பழகி, மாயக்கதைத் தொடர்களில் வரும் மிருகங்களுக்கு உள்ளே எலும்பும் மூட்டும் வைத்து நடக்கவிடுகிற ஆளாக வந்து நின்றார். யாரும் கைதூக்கி விடவில்லை. அவர் எலும்பு வைத்த பறக்கும் பாம்பைப் பார்த்து வீறிட்டு அழுத பிள்ளைகள் எத்தனை பேர்! அந்த அழுகை சும்மா வருமா?

அப்பேர்ப்பட்டவருக்கே ஓர் ஆறு கால் மிருகம் தண்ணி காட்டியது.

எந்த மிருகமானாலும் முதலில் தானே அதுபோல நடந்து, அதைப் படம் எடுத்து, அதைப் பார்த்துத்தான் அசைவு கொடுப்பார். ஆறு காலுக்கு ஓர் ஆள் போதாதே. வீட்டுக் கூடத்தில் சோபாவை ஓரமாகத் தள்ளிவிட்டு, அவர் முன்னால் கையையும் காலையும் ஊன்றி நின்றார். மனைவி பின்னால் குனிந்து அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். மேசைமேல் செல்போன் ஓடியது.

"மெதுவாப் போங்க. ஏன் தலைதெறிக்க ஓடுறீங்க?"

"மிருகம் வேட்டைக்குப் போகுதுடி. காய்கறிக் கடைக்கா போகுது?"

"அப்ப நீங்க மட்டும் போய் வேட்டையாடிட்டு வாங்க. என் இடுப்பு போச்சு."

அந்த நடையை அப்படியே மிருகத்துக்குக் கொடுத்தார். பார்த்த இயக்குநர் சிரிக்கக்கூட இல்லை.

"அண்ணே, முன்பாதி அவசரமா ஆபீசுக்குப் போகுது. பின்பாதி கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போகுது. நாளைக்குள்ள சரியா வரலேன்னா முதல் வாரத்துலயே இதைக் கொன்னுடுவேன்."

எலும்புக்காரர் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். தொடர் முழுக்க வரப்போகிற மிருகம் என்று முடிவெட்டுகிறவர் முதல் சம்பந்தி வரை தம்பட்டம் அடித்தாயிற்று. மூட்டு மூட்டாகத் தடவிப் பார்த்தார். ஒன்றிலும் பழுதில்லை. கம்ப்யூட்டரைத் திட்டினார்.

மனைவி செல்போனில் எடுத்த அந்தப் படத்தை ஒருமுறை பார்த்தார். "நான் முன்னால நிக்கிறேன்" என்றார்.

"என்னது?"

"காது கேக்கலையா? நீங்க பின்னால வாங்க."

குடும்பப் போட்டோவில்கூடப் பின்வரிசையில் நின்றறியாத மனிதர். வேறு வழியில்லாமல் குனிந்தார்.

மனைவி முன்னால் கையையும் காலையும் ஊன்றிக்கொண்டார். அவசரப்படவில்லை. மாடிவீட்டுக்காரியிடம் நியாயம் கேட்கப் போகிறவர் மாதிரி, ஒவ்வொரு அடியையும் தரையில் பதித்து, இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்து நடந்தார். பின்னால் இருந்தவருக்கு வழியும் தெரியவில்லை, வாசலும் தெரியவில்லை. மனைவி அடி எடுத்து வைக்கும்வரை காத்திருந்துதான் தன் காலை நகர்த்த முடிந்தது.

மறுநாள் இயக்குநர் மிருகத்துக்குக் கொடுத்திருந்த அந்த நடையைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார்.

"இதுதாண்ணே மிருகம்! கடைசி வாரம் வரைக்கும் இதைத் தொடவே மாட்டேன். முன்னால யாரு நடந்தது? என்ன கம்பீரம்!"

அறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள்.

"என் வீட்டுக்காரி" என்றார் எலும்புக்காரர்.

"அப்ப பின்னால?"

மச்சான் என்று சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் எலும்புக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"நான்தான். நல்லாப் பாத்துக்கங்க தம்பி. இப்படிப் பின்னங்கால் வைக்க இந்தத் தொழில்ல இன்னொருத்தன் பொறந்துதான் வரணும்."