பொதுக் கிணறும் நீல வயரும்

கோட்டாறில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் சுயம்புராஜுக்கு ஊர் ஆரல்வாய்மொழி. அங்கே காற்றாலைகளின் இரைச்சலுக்குக் கீழே வளர்ந்தவர் என்பதால் ரகசியம் பேசினாலும் நாலு வீட்டுக்குக் கேட்கும். மஸ்கட்டில் வெகுகாலம் வயர் இழுத்துவிட்டுத் திரும்பியபோது ஒரு தத்துவமும் கூடவே வந்தது: எந்தக் கருவியும் தானாகக் கெடுவதில்லை, பக்கத்தில் ஒரு மனிதன் இருக்கிறான்.

அன்று அவரை அழைத்தவர் அச்சகக்கார அனில்குமார். அவருக்கும் அண்ணன் குமாரதாஸுக்கும் பாகப்பிரிவினை முடிந்து, அச்சகத்தின் நடுவே பிளைவுட் சுவர் எழும்பியிருந்தது. மெஷின்கள் பிரிந்தன, மேஜைகள் பிரிந்தன, சாமி படங்களும் பிரிந்தன. பழைய டிசைன்கள் எல்லாம் கிடக்கும் சர்வரை மட்டும் வெட்டிப் பங்கு வைக்க முடியவில்லை. பெரியவர்கள் கூடி யோசித்து, பத்திரத்தில் கிணற்றுக்கு எழுதுவதுபோலவே எழுதிவிட்டார்கள்: சர்வர் மூத்தவர் பக்கம் இருக்கும், புழங்கும் பாத்தியதை இருவருக்கும் பொது.

அந்தப் பொதுக் கிணறுதான் இப்போது தம்பியின் கம்ப்யூட்டரில் காணாமல் போயிருந்தது.

“நெட்வொர்க்கத் தொறந்தா பிரிண்டர் தெரியுது ஓய், சர்வர மட்டும் காணல. எனக்க மக அஸ்வதிக்க கல்யாணக் கார்டு அதுலதான் கெடக்கு. விடிஞ்சா மொதக் கார்ட சாமிக்கு வைக்கணும்.”

“அண்ணாச்சிட்ட கேட்டேரா?”

“நாங்க பேசுறதில்லல்லா. நீரு வேலையப் பாரும்.”

சுயம்புராஜ் வேலையைப் பார்த்தார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். சர்வரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், எண் சொல்லிக் கூப்பிட்டார். மரியாதை தெரிந்த சர்வர் பதில் தரும், இது தரவில்லை. பிறகு, சுவர் ஓட்டைக்குள் புகுந்து போகும் நீல வயர் கண்ணில் பட்டது. தெருவைச் சுற்றி அண்ணன் பக்கம் போனார்.

குமாரதாஸ் செய்தித்தாளுக்குள் இருந்தார். சர்வர் மினுக்மினுக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. மேஜைக்கடியில் அந்த நீல வயர், பிடுங்கிச் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு வைக்கப்பட்டிருந்தது.

“இத யாரு அண்ணாச்சி புடுங்குனது?”

“எலியா இருக்கும்.”

“ரப்பர் பேண்டு போடுற எலிய இன்னைக்குத்தான் பாக்கேன்.”

குமாரதாஸ் ஒரு பக்கத்தைப் புரட்டினார். “அந்தக் கார்டப் பாத்தேன் மக்கா. அஸ்வதிக்குப் பேரு வச்சது நான். கார்டுல எனக்க பேரு இல்ல.”

“சர்வர் இங்கதான கெடக்கு, நீங்களே போட்டிருக்கலாம்லா?”

“போட்டேன். போட்ட பொறவு வெக்கமாப் போச்சு. அழிக்கவும் மனசு வரல. அதான் புடுங்கிட்டேன்.”

மஸ்கட்டில் இதற்கு மருந்து சொல்லித் தரவில்லை. அழையாத கல்யாணத்துக்குத் தானே பெயர் எழுதிக்கொண்ட மனிதரைச் சுயம்புராஜ் நிமிர்ந்து பார்க்கவில்லை. ரப்பர் பேண்டைக் கழற்றி, வயரைச் செருகினார். குமாரதாஸ் தடுக்கவில்லை; செய்தித்தாளை மட்டும் உயர்த்திப் பிடித்தார்.

தம்பி பக்கம் வந்தபோது சர்வர் தெரிந்தது. கார்டு திறந்தது. மேலே பெற்றோர் அழைப்பு, நடுவே மணமக்கள். கடைசியில், அவ்வண்ணமே கோரும் தூரத்துச் சொந்தங்களுக்கும் பின்னால், சின்ன எழுத்தில் ஒரு வரி.

“குமாரதாஸ், பெரியப்பா,” என்று சுயம்புராஜ் தன் அளவில் முணுமுணுத்தார். சுவருக்கு அப்பால் தாள் சலசலப்பு நின்றது.

அனில்குமார் அந்த வரியை விரல் வைத்துப் படித்தார். பிறகு அதை உச்சிக்கு, தன் பெயருக்கும் மேலே, கொண்டுபோனார். எழுத்தைப் பெரிதாக்கினார். இன்னும் ஒருமுறை பெரிதாக்கினார்.

“போதும் ஓய், மாப்பிள்ளை பேர விடப் பெருசாயிட்டு,” என்றார் சுயம்புராஜ்.

“அப்படின்னா கொறைலே அனிலு,” என்றது சுவர். “பாக்க அசிங்கமா இருக்கும்.”

அனில்குமார் சுவர்ப் பக்கம் திரும்பினார். “செரி அண்ணே,” என்றார். ஆனால் கொஞ்சம்தான் குறைத்தார்.

சுயம்புராஜ் பையை எடுத்தார்.

“கோளாறு எதுலவே இருந்துச்சு?”

“எலி,” என்றார் அவர், இரண்டு பக்கத்துக்கும் கேட்கும்படி.