முக்கால் பீப்பாய் எங்கே போனது

கணவர் கழற்றிப் போடும் சட்டையை அவள் நேராக வாளிக்குள் போடுவதில்லை. முதலில் ஓர் உதறு. பிறகு காலரை இரண்டு விரலால் விரித்து, மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி ஒரு மூச்சு இழுப்பாள். அடுத்தது கை மடிப்பு. கடைசியாகப் பையின் ஓரம். அதன்பிறகுதான் சோப்புத் தண்ணீர்.

"அம்மா, அப்பாவ மோந்து பாத்தாச்சா?" என்று மகள் உள்ளிருந்தே கத்துவாள்.

"வாய மூடிட்டுப் படி."

அது பாசம் என்றே மகள் நினைத்திருந்தாள். அவரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். அவள் சட்டையை எடுக்கும்போது சுவரில் இருக்கும் ஆணியை அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருப்பார். அவளுக்கு அது ஒரு பழக்கம், அவ்வளவுதான். லேபில் வேலை பார்க்கிறவளுக்கு மூக்கும் ஒரு கருவி.

இரண்டு பேருக்கும் வேலை ஒரே ஃபேக்டரியில், ஒரே செக்ஷனில். அவள் லேப் கெமிஸ்ட், காலை முதல் சாயங்காலம் வரை. அவர், சரக்கைக் கொதிக்க வைக்கும் ரியாக்டரின் ஆப்பரேட்டர். ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மதிய ஷிப்ட். மிட்டாய்க்கும் சோப்புக்கும் சேர்க்கிற அன்னாசி வாசனை எண்ணெய் அங்கே தயாராகிறது. அதில் அன்னாசி ஒரு துளிகூடக் கிடையாது. கெட்டுப்போன வெண்ணெய் மாதிரி நாறும் ஓர் அமிலத்தையும் ஸ்பிரிட்டையும் சேர்த்துக் கொதிக்க வைத்தால், நாற்றம் போய்ப் பழ வாசனை வரும். பஸ்ஸில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் பழக்கூடை எங்கே என்று காலுக்கடியில் தேடுவார்கள்.

வீட்டில் வாய் ஓயாத மனிதர், ஃபேக்டரி கேட்டைத் தாண்டினால் அவளை "மேடம்" என்பார். அவள் "சார்" என்பாள். ஸ்டோர்கீப்பருக்கு அதைப் பார்த்தால் போதும், அன்றைக்குப் பொழுது போய்விடும். அவளுக்குத் தராசு என்று பட்டப்பெயர் வைத்ததும் அந்த ஸ்டோர்கீப்பர்தான். காலியான சாக்கைக்கூட எடை போட்டுவிட்டுத்தான் கீழே போட விடுவாள் என்பதால்.

வருஷ ஆரம்பத்தில் முதலாளி வந்து ஒரே பேச்சில் முடித்துவிட்டுப் போனார். கழிவுத் தண்ணீர் அளவுக்கு மீறிப் போகிறது. ஒரு கிலோ சரக்குக்கு ஐந்து கிலோவுக்கு மேல் பொருள் உள்ளே போகக் கூடாது. ஆறு மாதத்தில் அது நடக்காவிட்டால் அன்னாசி செக்ஷனை மூடி ரியாக்டரை விற்றுவிடலாம். மற்றவர்களுக்குப் போனால் ஒரு சம்பளம் போகும். இந்த வீட்டில் இரண்டும் போகும்.

"ஈல்டு நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல சரக்கா வருதே, அப்புறம் என்னவாம் அவருக்கு?" என்று மேனேஜர் அலுத்துக்கொண்டார்.

"அது அமிலத்த மட்டும் வச்சுப் போட்ட கணக்கு சார். வீட்டுச் செலவுன்னா அரிசிய மட்டுமா எழுதுவோம்? ஸ்பிரிட், சோடா, கழுவுற தண்ணி எல்லாம் யார் வீட்டுச் செலவு?" என்றாள் அவள்.

மேனேஜர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "சரி, எல்லாத்தையும் போடுங்க. வர்றது வரட்டும்."

உள்ளே போன ஒவ்வொன்றையும் அவள் எடை போட்டாள். வெளியே வந்ததையும் போட்டாள். வேதிவினை ஒரு துளி பிசகாமல் நடந்தாலும் கொஞ்சம் தண்ணீராகப் பிரிந்துதான் போகும். அது வினையின் குணம், யாரும் ஒன்றும் செய்ய முடியாது. செய்ய முடிந்தது மீதியில்தான் இருந்தது. ஒரு கிலோ சரக்குக்கு ஒன்பது கிலோ உள்ளே போயிருந்தது. செக்ஷன் வாசலில் இருந்த கரும்பலகையில் அந்த ஒன்பதைப் பெரிதாக எழுதினாள்.

அன்றைக்கு டீ நேரத்தில் ஸ்டோர்கீப்பருக்குக் கொண்டாட்டம். "ஏம்ப்பா மாப்ள, வீட்டுலயும் தட்டுல எவ்வளவு போட்டோம், எவ்வளவு உள்ள போச்சுன்னு எடை பாக்குறாங்களா?"

கணவர் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"உன் புருஷன் எட்டு கிலோவச் சாக்கடையில ஊத்துறான்னு ஊருக்கே எழுதிப் போட்டுட்ட."

"உங்களச் சொல்லலங்க. ரியாக்டரச் சொன்னேன்."

"ரியாக்டரு ஓட்டுறது யாரு, உங்கப்பாவா?"

இரண்டு நாள் வீட்டிலும் "மேடம்" என்றே கூப்பிட்டார். "மேடம், உப்பு கொஞ்சம் கம்மி." மகள் யாருக்கும் தெரியாமல் போர்வைக்குள் சிரித்தாள்.

மூன்றாம் நாள் அவரே வழிக்கு வந்தார். ரியாக்டரில் சரக்கை இரண்டு முறை கழுவுவார்கள். இரண்டாவது முறை கழுவின தண்ணீர் அவ்வளவாக அழுக்காகாது. அதை அடுத்த பேட்சுக்கு முதல் கழுவலாக வைத்துக்கொண்டால் என்ன என்று பல் துலக்கிக்கொண்டே கேட்டார். அவள் வாயில் தண்ணீரோடு அப்படியே நின்றாள். செய்து பார்த்ததில் சரக்கின் தரம் குறையவில்லை. ஒன்பது சரசரவென்று இறங்கியது. ஐந்தரைக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது. பிறகு என்ன செய்தும் நகரவில்லை.

அங்கேதான் அந்த முக்கால் பீப்பாய் வந்தது. உள்ளே ஊற்றிய ஸ்பிரிட்டில் சரக்காக மாறியது இவ்வளவு, திரும்பப் பிடித்தது இவ்வளவு, கழிவில் கரைந்தது இவ்வளவு. மூன்றையும் கூட்டினால் ஒவ்வொரு பேட்சிலும் ஏறக்குறைய முக்கால் பீப்பாய் குறைந்தது. எங்கேயும் இல்லை. குழாய்களைத் தடவிப் பார்த்தாள், தராசையே சந்தேகப்பட்டு ஆளை வரவழைத்துச் சரிபார்த்தாள். கூட்டல் தப்பு என்று மேனேஜர் சொன்னபோது அதையும் நம்பத் தயாராக இருந்தாள். கெடு முடிய ஒரு மாதம்கூட இல்லை. ரியாக்டரை விலை பேச ஒருவர் வந்து, டேப்பை வைத்து அதன் இடுப்பை அளந்துவிட்டுப் போனார்.

அன்று இரவு கணவர் மதிய ஷிப்ட் முடிந்து வந்தார். சட்டையை எடுத்தாள். உதறு, காலர், மூச்சு. கை அப்படியே நின்றது.

"என்னங்க, ஒண்ணு கேக்கட்டுமா? காலை ஷிப்ட் சட்டையில இவ்வளவு வாசனை இருக்கறதில்ல. மதிய ஷிப்ட்டுன்னா தூக்கி அடிக்குது. ஏன்?"

ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடுக்கிட்டார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். காது சிவந்துவிட்டது.

"அது... மதியம் வெயில் இல்லையா."

"வெயிலுக்கும் இதுக்கும் என்ன?"

"இல்ல, அந்தக் கண்டென்சருக்கு வர்ற தண்ணி இருக்குல்ல. மதியத்துல அந்தக் குழாயில கை வச்சா சுடும். மொட்டை மாடித் தொட்டியிலிருந்துதான வருது."

சொன்னவருக்கே அப்போதுதான் உறைத்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆவியாகி மேலே போகும் ஸ்பிரிட்டைக் குளிரவைத்துத் திரும்பச் சொட்ட வைப்பதுதான் கண்டென்சர். குளிர வைக்க வேண்டிய தண்ணீரே வெந்நீராக வந்தால் ஆவி எதற்கு நிற்கும்? குழாய் வழியாக வானத்துக்குப் போகும். தெரு முழுக்க அன்னாசி மணந்ததே தவிர, அதன் பின்னால் ஒளிந்து போன ஸ்பிரிட்டை ஒரு மூக்கும் பிடிக்கவில்லை.

"சட்டைதாங்க காட்டிக் குடுத்துச்சு!" என்று அந்தச் சட்டையால் அவரையே அடித்தாள். "எதுக்கு அடிக்கிற?" என்று கேட்டாலும் அவர் நகரவில்லை.

மறுநாள் தொட்டிக்கு மேல் கூரை போட்டார்கள். குழாய்க்குச் சாக்கைச் சுற்றி நனைத்தார்கள். பேட்சின் கொதிநேரத்தை விடிகாலைக்கு மாற்றினார்கள். அவள் அவசரப்படவில்லை. அடுத்தடுத்து பல பேட்சுகளை எடை போட்ட பிறகுதான் கரும்பலகைப் பக்கம் போனாள். முக்கால் பீப்பாய் திரும்பி வந்திருந்தது. நாலு புள்ளி ஒன்பது. மேனேஜர் அந்த எண்ணைத் தன் கையாலேயே இன்னொரு முறை அழுத்தி எழுதினார். ரியாக்டரின் இடுப்பை அளந்தவர் அப்புறம் வரவில்லை. கணவர் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "எடுத்துக்கோங்க மேடம்," என்றார். "தேங்க்ஸ் சார்," என்றாள். ஸ்டோர்கீப்பருக்குப் புரையேறியது.

ஸ்டோர்கீப்பர் ஓய்வு பெற்றுப் போன பிறகுதான் இன்னொரு விஷயம் வெளியே வந்தது, அதுவும் அவர் வாயால். அன்னாசி வாசனை என்றால் மனைவிக்கு உயிர், அதனால்தான் சட்டையை முகர்கிறாள் என்று அவள் கணவர் நம்பியிருந்தாராம். காலை ஷிப்ட்டில் சட்டை அவள் வருவதற்குள் கூடையில் கிடந்து ஆறிவிடும். மதிய ஷிப்ட் என்றால் அவள் கண்ணெதிரே கழற்றுவார். அந்த நாட்களில் மட்டும், கிளம்புமுன் ஸ்டோருக்குப் போய், சாம்பிள் எண்ணெய் பாட்டிலில் ஒரு குச்சியை நனைத்துக் காலரில் தொட்டுக்கொள்வாராம்.

அவளிடம் இதை இன்னும் யாரும் சொல்லவில்லை. மதியச் சட்டையில் வாசனை குறையாததால், ரியாக்டர் மூடியில் எங்கோ கசிகிறது என்று அதன் ரப்பர் வளையத்தை இதுவரை இரண்டு முறை மாற்றச் சொல்லியிருக்கிறாள். இரண்டு முறையும் மாற்றிக் கொடுத்தவர் கணவர்தான்.