புள்ளிகளும் கவ்வாத்துக் கத்தியும்

மண்சரிவில் லயத்து வரிசை வீடுகளை இழந்த தேயிலைத் தோட்டத்துக்காரர்களை டயகமப் பக்கம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் தங்க வைத்திருந்தார்கள். அங்கே அம்மை எப்படிப் பரவும் என்று கணினியில் கணிக்கப் போயிருந்தேன். வாசலைக் காத்தவர் தேயிலைச் செடிகளைக் கத்தியால் கழித்துக் கவ்வாத்து வெட்டுகிறவர். தடித்த மணிக்கட்டு. பேசும்போதெல்லாம் கத்தியின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவுவார்.

லயத்தில் அம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். யாரும் உள்ளே போகமாட்டார்கள். மண்டபத்தில் வேப்பிலை செருகத் தனி வாசல் ஏது? அம்மை கண்ட ஒரு சிறுமியையும் அவள் தாயையும் மண்டபத்தில் இருந்தவர்கள் மழைக்குள் இழுத்துப் போட்டார்கள். வாசலைக் காத்தவர்தான் தூக்கி வந்து உள்ளே ஒரு மூலையில் படுக்க வைத்தார்.

"முன்னாடியே அம்மை வந்தவங்களுக்குத் திரும்ப வர்றது அபூர்வம். அவங்க இந்தப் பிள்ளையச் சுத்திப் படுத்தா மத்தவங்களுக்குப் பரவுறது குறையும்" என்று திரையில் ஆட்களைக் குறிக்கும் புள்ளிகளை நகர்த்திக் காட்டினேன்.

அவர் உள்ளே போய்ப் பாய்களை உதைத்தார். "மொகத்துல தழும்பு இருக்கவன்லாம் எந்திரிங்கடா!"

மறுத்த சொந்த மச்சானைக் கத்தியின் பட்டையால் அடித்தார். உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் வழிந்தது.

"அடிக்காதீங்கண்ணே!" என்று கத்தினேன்.

"நீங்க நகத்துனது புள்ளிங்க சார். அதுங்க முடியாதுன்னு சொல்லாது."

மச்சான் வாயைத் துடைத்துக்கொண்டு சிறுமியின் பக்கத்தில் பாயை விரித்தான்.

அம்மை அந்த மூலையைத் தாண்டவில்லை. என் கணிப்பைப் பாராட்டினார்கள். அதில் அந்த ரத்தத்துக்கு நான் இடமே விட்டிருக்கவில்லை.