அட்டைப்பெட்டியில் வந்த கட்டில்

எங்கள் வீட்டுக்கு முதல் கட்டில் அட்டைப்பெட்டியில் வந்தது. பெரிய மாமா தங்க வருகிறார் என்று அப்பா செல்போனில் பார்த்து வாங்கியது. ஆம்பூரில் தச்சரிடம் சொல்லியிருந்தால் நல்ல மரத்தில் செய்து கொடுத்திருப்பார். ஆனால் செல்போன் படத்தில் ஒரு குடும்பமே அந்தக் கட்டில்மேல் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. அப்பா அதில் விழுந்துவிட்டார்.

பெரிய மாமா அம்மாவின் அண்ணன். கலவை என்ற ஊரில் விவசாயம். கனத்த உடம்பு. இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு கல்யாண மண்டபத்தில் அவர் உட்கார்ந்த பிளாஸ்டிக் நாற்காலி நான்கு காலையும் விரித்துப் படுத்துவிட்டது. பந்தியே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் மாமாதான். அதன்பிறகு அவர் எந்த விசேஷத்துக்கும் வரவில்லை, எங்கள் வீட்டுக்கும் வரவில்லை. இப்போது முட்டி வலிக்கு ஆம்பூர் டாக்டர் ஒருவரிடம் தினமும் போக வேண்டியிருந்ததால், அம்மா கெஞ்சிக் கெஞ்சி அவரைச் சம்மதிக்க வைத்திருந்தாள்.

பெட்டியிலிருந்த பலகைகளை, கூடவே வந்த தாளைப் பார்த்துப் பார்த்து அப்பா கட்டிலாக்கினார். அம்மா ஓரத்தில் ஒரு விரலை வைத்துத் தள்ளினாள். கட்டில் ஆடியது.

"எங்கண்ணன் படுத்தா இது தாங்குமா? இதுவும் உடைஞ்சுதுன்னா அவரு நம்ம வாசப்படியே மிதிக்க மாட்டாரு," என்றாள்.

அப்பா ஷூ கம்பெனியில் சோல் ஒட்டும் பிரிவில் இருந்தார். ஒட்டுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவர் எண்ணம். கட்டிலை முழுசாகக் கழற்றினார். மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் திருகாணி பிடித்து நிற்காது என்று, குறுக்கே துளைத்துப் போல்ட் விட்டு மறுபக்கம் நட்டு முடுக்கினார். பொருத்துக்குப் பொருத்து பசை தடவினார். மூலைகளில் இரும்பு ஆங்கிள் அடித்தார். நடுவில் ஐந்தாவதாக ஒரு கால் கொடுத்தார். மெல்லிய குறுக்குச் சட்டங்களின்மேல் ப்ளைவுட் போட்டார். கடைசியில் ஒவ்வொரு காலுக்கடியிலும் சோல் ரப்பரை வெட்டி ஒட்டினார். கட்டில் செருப்பு போட்டுக்கொண்டு நின்றது.

அடுத்தது சோதனை. மாமாவின் எடையை மாமாவிடமே கேட்க முடியாது. அப்பா மனக்கணக்காக இரண்டு அரிசி மூட்டைகளை ஏற்றினார். வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டு பாய் தாடியைத் தடவினார்.

"கம்மியா கீதே. ஆளு பொரண்டு படுத்தா வெயிட்டு ஜாஸ்தியாவும்ல?"

நிறைந்த கேஸ் சிலிண்டர் ஏறியது. அதுவும் போதாதென்று என்னைத் தூக்கி ஏற்றி, "குதி," என்றார் அப்பா. கட்டில்மேல் குதிக்கச் சொல்லும் அப்பா யாருக்குக் கிடைப்பார்? நான் குதித்துக்கொண்டிருந்தபோது வாசலில் பையோடு பெரிய மாமா நின்றிருந்தார். முந்தைய பஸ்ஸே கிடைத்துவிட்டதாம்.

நான் இன்னொரு முறை குதித்தேன்.

"எலித் தொல்லைண்ணா. அதான் மூட்டைய மேல ஏத்திட்டோம்," என்றாள் அம்மா.

மாமா கட்டிலை நிதானமாகப் பார்த்தார். "சிலிண்டரக் கூடவா எலி கடிக்குது?"

பாய்க்கு ஏதோ அவசர வேலை ஞாபகம் வந்துவிட்டது.

அன்று மாமா தரையில் ஜமுக்காளத்தை விரித்தார். "முதுகுக்குத் தரைதான் சுகம் மாப்ள," என்றார். மறுநாளும் அதே சுகம்தான். அந்த முட்டியோடு காலையில் எழுந்து நிற்க அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்க வேண்டியிருந்தது. அப்பாவின் முகம் வாடிவிட்டது. சாப்பிட உட்கார்ந்தால் போல்ட், நட்டு, ஐந்தாவது கால் என்று பேச்சை இழுத்துப் பார்ப்பார். மாமா, "நல்ல வேலை மாப்ள," என்று சொல்லிவிட்டு ரசம் கேட்பார். கட்டில்மேல் துவைத்த துணி குவிந்தது.

சனிக்கிழமை மத்தியானம் அம்மா குழாயடிக்குப் போயிருந்தாள். வீட்டில் யாருமில்லை என்று மாமா நினைத்திருக்க வேண்டும். நான் சமையலறையில் சர்க்கரை டப்பாவோடு இருந்தேன். மாமா துணிகளை ஒதுக்கினார். ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ஓரமாக, பாதி உடம்போடு உட்கார்ந்தார். காத்திருந்தார். கம்பியை விட்டார். மறுபடி காத்திருந்தார். பிறகு குளிர்ந்த தண்ணீரில் இறங்குகிறவர் மாதிரி ஒவ்வொரு காலாக மேலே வைத்து மெல்லச் சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது.

குடத்தோடு வந்த அம்மாவிடம் சொல்ல ஓடினேன். அவள் எட்டிப் பார்த்ததுமே என் வாயைப் பொத்தினாள்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். மாமாவை எழுப்பிப் போல்ட்டைப் பற்றிச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் திரும்பி, பாயைக் கூட்டிவந்தார். இருவரும் தொட்டில் குழந்தையைப் பார்ப்பதுபோல ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள்.

விளக்கு போடும் நேரத்தில் மாமா கண்விழித்தார்.

"பொழுது போய்டுச்சாம்மா? நல்லா தூங்கிட்டேன் போலிருக்கு."

அவ்வளவுதான் சொன்னார். அப்பா கட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி போடப் போனாள். ஒரு ஆள் மத்தியானம் தூங்கி எழுந்ததில் அழுவதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.